பென்சில்வேனியா: ராத்திரி ஒருவர் முன்னிலை, வெள்ளிக்கிழமை இன்னொருவர். எப்படி?

கேட்டவர்: தெற்குவாசல்

2020 அமெரிக்க அதிபர் தேர்தலில் மற்ற மாநிலங்கள் புரிந்துவிட்டன, பென்சில்வேனியா மட்டும் பிடிபடவில்லை. நவம்பர் 3 நள்ளிரவு தாண்டி ட்ரம்புக்கு ஏழு லட்சத்தை ஒட்டிய முன்னிலை. வெள்ளிக்கிழமை காலை பைடன் முந்திவிட்டார். இறுதிக் கணக்கு பைடன் 34,58,229, ட்ரம்ப் 33,77,674. வித்தியாசம் 80,555. அதே மாநிலம் 2024ல் புதன் அதிகாலையிலேயே முடிந்துபோனது.

தபால் ஓட்டை முதலில் எடுத்து எண்ணும் இந்திய வழக்கத்துக்குப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. எண்ணிக்கை ஓடும்போது எதைப் பார்க்க வேண்டும், எதை நம்பி ஏமாறக் கூடாது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மோசடி நடந்தது, நடக்கவில்லை என்ற சண்டை இங்கே வேண்டாம், அதற்கு வேறு திரி இருக்கிறது.

பதில்: உறைபிரிப்பான்

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 2019 அக்டோபரில் கவர்னர் டாம் வுல்ஃப் கையெழுத்திட்ட ஆக்ட் 77 வந்த பிறகுதான், காரணம் எதுவும் சொல்லாமல் யார் வேண்டுமானாலும் தபாலில் ஓட்டுப் போடலாம் என்றானது. அதுவரை ஊரில் இல்லை, உடம்பு சரியில்லை என்று ஏதாவது காட்ட வேண்டும். ஓட்டு உள்ளே வரும் வாசலை அகலப்படுத்தினார்கள், எண்ணும் வாசலைத் தொடவில்லை. தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் ஒரு உறையைக்கூடப் பிரிக்கக் கூடாது. ஃப்ளோரிடாவில் வாரக்கணக்கில் முன்பே பிரித்துத் தயாராக வைத்துவிடுவார்கள், அதனால் அங்கே வாக்குப்பதிவு முடிந்த கொஞ்ச நேரத்தில் தபால் ஓட்டுதான் முதலில் திரையில் விழும்.

7 மணிக்கு ஆரம்பிப்பதும் நேரடியாக எண்ணிக்கை இல்லை. ப்ரீ-கேன்வாஸ் என்று ஒரு தயாரிப்பு வேலை. முதலில் வெளியுறையில் வாக்காளரின் உறுதிமொழிக் கையெழுத்தும் தேதியும் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு அதைக் கீறி உள்ளே இருக்கும் ரகசிய உறையை எடுக்கிறார்கள். பெயர் அச்சிட்ட வெளியுறைகள் ஒரு பக்கம், பெயரில்லாத ரகசிய உறைகள் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்த பிறகுதான் ரகசிய உறையைத் திறக்கலாம். எந்தச் சீட்டு யாருடையது என்று தெரியாமல் போவது இந்த இடத்தில்தான். வெளியே எடுத்த சீட்டில் மடிப்பு இருக்கும். எதிர்ப்பக்கமாக மடித்து நீவி நிமிர்த்தாவிட்டால் ஸ்கேனரில் சிக்கிக்கொள்ளும். கிழிந்தது, ஈரம் பட்டது எல்லாம் தனியாகப் போய், ஊழியர்கள் புதுச் சீட்டில் பெயர்த்தெழுதிய பிறகுதான் ஸ்கேனருக்குள் போகும். வேட்பாளர், கட்சி ஒவ்வொன்றின் சார்பிலும் ஒரு பிரதிநிதி இதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இரவு 8 மணிக்கு வாக்குப்பதிவு முடியும்வரை ஒரு எண்ணைக்கூட வெளியே சொல்லக் கூடாது.

2020ல் இப்படிக் கையால் பிரிக்க வேண்டியிருந்தவை 26 லட்சத்தை ஒட்டி. சில கவுண்டிகள் (நம் மாவட்டம் மாதிரி), அன்றைக்கு வாக்குச்சாவடிகளை நடத்தவே ஆள் போதாமல், தபால் வேலையை மறுநாளுக்குத் தள்ளிவிட்டன. நேரில் போட்ட ஓட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. சாவடி இயந்திரத்தின் மெமரி சாதனம் கவுண்டி அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தால் கணக்கு ஏறிவிடும். ஆகவே நேரடி ஓட்டு முதலில், தபால் ஓட்டு பின்னால்.

இது மட்டும் இருந்திருந்தால் முன்னிலை மாறியிருக்காது. இரண்டு குவியலும் கட்சிவாரியாகப் பிரிந்து கிடந்ததுதான் விஷயம். நேரடி ஓட்டில் ட்ரம்ப் சுமார் 27 லட்சம், பைடன் 14 லட்சம். தபாலில் பைடன் சுமார் 20 லட்சம், ட்ரம்ப் 6 லட்சம். தபால் ஓட்டை நம்பாதீர்கள் என்று ட்ரம்ப் மாதக்கணக்கில் சொன்னதன் பலன் அது. முதல் குவியலை மட்டும் பார்த்தால் அவர் முன்னிலை 13 லட்சம். அப்படியிருக்க ஏழு லட்சத்தோடு நின்றதே, அன்று இரவே தபாலில் ஒரு பகுதி எண்ணி முடிந்திருந்ததால்தான்.

2024ல் மூன்று மாற்றம். தபால் ஓட்டு மொத்தமே குறைவு. குடியரசுக் கட்சியே தன் ஆட்களைத் தபாலில் போடச் சொன்னது. மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது: 2022ன் ஆக்ட் 88. மாநில மானியம் வாங்கும் கவுண்டிகள் காலை 7 மணிக்கு ஆரம்பித்தால் முடியும்வரை நிறுத்தாமல் வேலை பார்க்க வேண்டும். வந்துசேர்ந்த தபால் ஓட்டு மொத்தம் எத்தனை என்பதையும் நள்ளிரவு தாண்டியதும் அறிவித்துவிட வேண்டும். ஏறக்குறைய எல்லாக் கவுண்டிகளும் வாங்கின, பணம் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்!

பதில்: கணக்குப்பிள்ளை

மேலே சொன்னது சரி. திரையில் எண்ணைப் படிக்கும்போது செய்ய வேண்டியதைச் சேர்க்கிறேன்.

'100% சாவடிகள் வந்துவிட்டன' என்ற வரியை நம்பக் கூடாது. பல கவுண்டிப் பக்கங்களில் அது நேரடி ஓட்டை மட்டும் குறிக்கும். தபால் ஓட்டு இன்னும் பெட்டியில் கிடக்கும்போதே 100 காட்டும். அதற்குப் பதிலாக, வந்த தபால் ஓட்டு மொத்தத்திலிருந்து எண்ணி முடித்ததைக் கழியுங்கள். மீதியை, அதே கவுண்டியில் இதுவரை எண்ணிய தபால் ஓட்டின் விகிதத்தால் பெருக்குங்கள். ஒரு கவுண்டியில் 40,000 பாக்கி, இதுவரை தபாலில் ஒருவருக்கு 70 சதவீதம், மற்றவருக்கு 29 என்றால் இனி வரப்போகும் நிகர லாபம் சுமார் 16,400. மாநில சராசரி விகிதத்தையோ, கவுண்டியின் மொத்த விகிதத்தையோ போட்டால் கணக்கு கவிழ்ந்துவிடும்.

பிலடெல்பியாதான் 2020ஐப் புரட்டியது என்று இன்னும் எழுதுகிறார்கள். எண்ணைப் பார்த்தால் அப்படி இல்லை. 2016ல் அங்கே ஹிலாரி 5,84,025, ட்ரம்ப் 1,08,748. 2020ல் பைடன் 6,04,175, ட்ரம்ப் 1,32,870. அதாவது ஜனநாயகக் கட்சியின் முன்னிலை அங்கே சுமார் 4,000 குறைந்திருக்கிறது! கடைசியில் எண்ணியது அந்த நகரத்தை, அதனால் கண்ணில் பட்டது அந்த நகரம்.

புரட்டியது அதைச் சுற்றியிருக்கும் நான்கு புறநகர்க் கவுண்டிகள். மான்ட்கோமரியில் முன்னிலை சுமார் 93,000லிருந்து 1,34,000 ஆனது. செஸ்டரில் 25,000 சொச்சம் இரட்டிப்பாகி 54,000ஐத் தொட்டது. டெலவேரில் 67,000 போய் 88,000. பக்ஸில் வெறும் 2,700 இருந்தது 17,000 தாண்டியது. நாலும் சேர்ந்து ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதல். பிட்ஸ்பர்க் இருக்கும் அலெகெனி தனியாக 40,000 தந்தது. 2016ல் ட்ரம்ப் மாநிலத்தை எடுத்தது 44,292 ஓட்டில் என்பதை வைத்துப் பாருங்கள். இந்த ஐந்து கவுண்டியை வைத்தே அவர் தோல்வியை எழுதிவிடலாம். 2024ல் பக்ஸ் மயிரிழையில் அவர் பக்கம் போனது. 1988க்குப் பிறகு அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி அங்கே ஜெயித்தது அதுதான் முதல்முறை.

சீக்கிரம் நாடி பார்க்க வேண்டுமானால் ஈரி, நார்தாம்ப்டன் இரண்டையும் பாருங்கள். 2012ல் ஒபாமா, 2016ல் ட்ரம்ப், 2020ல் பைடன், 2024ல் ட்ரம்ப் என்று மாநிலத்தோடு சேர்ந்தே திரும்பியவை.

பதில்: நடுவாசல்

கணக்குப்பிள்ளை சாரோடு ஒரு இடத்தில் ஒத்துப்போக முடியவில்லை. ஈரி, நார்தாம்ப்டன் இரண்டிலும் 2020ல் பைடனின் முன்னிலை ஆயிரத்துச் சொச்சம்தான். அவ்வளவு நெருக்கமான கவுண்டியில் நடு இரவில் எதுவும் தெரியாது. லூசர்ன் மாதிரி நிலைமாறிய கவுண்டியில் முந்தைய தேர்தலைவிட எத்தனை சதவீதம் நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பது இன்னும் உதவும். ஜெயித்தாரா இல்லையா என்பது அங்கே முக்கியமே இல்லை.

கேட்டவர்: தெற்குவாசல்

நன்றி, இப்போது தெளிவாகிறது. இன்னும் மூன்று. தபால் ஓட்டு எதனால் செல்லாமல் போகிறது? அங்கே குடியுரிமை வாங்கிய நம்மவர்கள் முதல்முறை ஓட்டுப் போடும்போது எதில் தவறுகிறார்கள்? மறு எண்ணிக்கை எப்போது வரும்?

பதில்: உறைபிரிப்பான்

முதல் இரண்டு கேள்விக்கு. அதிகம் அடிபடுவது ரகசிய உறை. சீட்டை ரகசிய உறையில் போடாமல் நேரே வெளியுறையில் போட்டால் அது 'நேக்கட் பாலட்', செல்லாது. 2020 செப்டம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. ரகசிய உறையின் மேல் பெயர், முகவரி, கட்சி என்று எதையும் கிறுக்கினாலும் செல்லாது. வெளியுறையில் கையெழுத்து கட்டாயம். தேதி விஷயம் வருடக்கணக்காக நீதிமன்றங்களில் இழுபடுகிறது. வழக்கு எப்படிப் போனாலும், கையெழுத்திடும் அன்றைய தேதியை எழுதிவிட்டால் கவலை இல்லை. பழக்கதோஷத்தில் பிறந்த தேதியை எழுதுபவர்களும், நம் ஊர் மாதிரி நாள் எண்ணை முதலில், மாதத்தைப் பிறகு எழுதுபவர்களும் உண்டு, அங்கே மாதம்தான் முதலில். கையெழுத்து பழைய பதிவோடு ஒத்துப்போகவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மட்டும் தள்ள முடியாது, அதற்கு 2020 அக்டோபர் தீர்ப்பு இருக்கிறது.

நேரக் கணக்கு: வாக்காளர் பதிவு தேர்தலுக்கு 15 நாள் முன்வரை. தபால் ஓட்டு விண்ணப்பம் முந்தைய செவ்வாய் மாலை 5 மணிக்குள். நிரப்பிய உறை தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் கவுண்டி அலுவலகத்தில் *இருக்க* வேண்டும். தபால் முத்திரைத் தேதி காப்பாற்றாது. 2020ல் மட்டும் நீதிமன்றம் மூன்று நாள் சலுகை தந்தது, அப்படித் தாமதமாக வந்த பத்தாயிரத்தை ஒட்டியவை தனியே வைக்கப்பட்டன. 80,555 வித்தியாசத்தில் அவற்றைச் சேர்த்தாலும் விட்டாலும் முடிவு மாறாது. ராணுவத்தினர், வெளிநாட்டில் இருப்பவர்களின் ஓட்டுக்கு மட்டும் தேர்தல் முடிந்து ஏழு நாள் அவகாசம்.

வீட்டில் எல்லோருடைய உறையையும் ஒருவர் வாங்கிக்கொண்டு போய்ப் போடுவது நம்மவர்கள் சாதாரணமாகச் செய்வது. அங்கே கூடாது. அவரவர் உறையை அவரவர்தான் ஒப்படைக்க வேண்டும், உடல் ஊனமுற்றவர் எழுத்துமூலம் ஒருவரை நியமித்திருந்தால் மட்டும் விலக்கு. தபால் சீட்டு வந்த பிறகு நேரில் போட மனம் மாறினால் சீட்டையும் வெளியுறையையும் சாவடிக்கு எடுத்துப்போய் ஒப்படைக்க வேண்டும். வெறுங்கையோடு போனால் புரொவிஷனல் சீட்டுதான் தருவார்கள். அது பிறகு தனியே சரிபார்க்கப்படும்.

பதில்: நடுவாசல்

மறு எண்ணிக்கைக்கு: மாநில அளவில் வித்தியாசம் 0.5 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் தானாக வரும். 2020ல் வித்தியாசம் 1.2 சதவீதத்தை ஒட்டி, 2016ல் 0.7. இரண்டிலும் வரவில்லை. 2016ல் பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் கேட்டுப் பார்த்தார். அங்கே சாவடிக்கு மூன்று வாக்காளர் வீதம் மனு கொடுக்க வேண்டும். மாநிலத்தில் சாவடிகள் 9,000க்கு மேல், ஆகவே 27,000 பேருக்கு மேல் தேவை. மாநில நீதிமன்றம் 10 லட்சம் டாலர் பிணைத்தொகை கட்டச் சொன்னதும் அந்த மனுவைக் கைவிட்டார். கூட்டாட்சி நீதிமன்றத்திலும் தள்ளுபடி.

மறு எண்ணிக்கை இல்லாவிட்டாலும் ஒவ்வொரு கவுண்டியும் பதிவான ஓட்டில் 2 சதவீதம் அல்லது 2,000 சீட்டு, எது குறைவோ அதைத் தற்செயலாக எடுத்துச் சரிபார்த்தாக வேண்டும். பிறகு 67 கவுண்டிகளும் தனித்தனியே சான்றளித்து மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்குக்கு அனுப்பும். 2020ல் மாநிலச் சான்று நவம்பர் 24 அன்று வந்தது. அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் எலக்டர்கள் மூலம் மாநிலம் போடும் எலக்டோரல் ஓட்டு அப்போது 20, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு 2024ல் 19.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: மற்ற மாநிலங்களில் எலக்டர்களைப் பெரும்பாலும் கட்சி மாநாடோ மாநிலக் கமிட்டியோ தேர்ந்தெடுக்கும். பென்சில்வேனியாவில் அதிபர் வேட்பாளரே, கட்சி மாநாடு தன்னை அறிவித்த 30 நாளுக்குள் தன் எலக்டர்களை நியமிக்கிறார். வாக்குச்சீட்டில் அவர்கள் பெயர் வராது.