சைடுகார் பந்தயம் பழக முதலில் வேண்டியது வண்டியா, கூட வரும் ஆளா?

பேட்டை மெக்கானிக்:
நானும் தங்கச்சியும் சின்ன சைடுகார் பந்தய வண்டி (பைக்கோடு பக்கத்தில் ஒரு தட்டும் மூன்றாவது சக்கரமும் சேர்ந்தது) ஒன்று கட்டிப் பழகலாம் என்று இருக்கிறோம். நான் மண்டியிட்டு ஓட்டுவேன். அவள் பக்கத்துத் தட்டில் இருந்து வளைவுக்கு வளைவு எடையை மாற்றுவாள். கல்லூரிக் கபடி அணியில் ரெய்டர் என்பதால் அவள் உடம்பு சொன்னபடி கேட்கும். வீட்டில் பழைய 100 சிசி பைக் கிடக்கிறது. இடப்பக்கம் சதுரக் குழாயில் சட்டம் அடித்து மூன்றாவது சக்கரம் பூட்டிவிட்டால் வண்டி தயார். சித்திரையில் எங்கள் குளம் வற்றிவிடும், அங்கே ஓட்டலாம். முதலில் வண்டி, மற்றது ஓட ஓட வரும் என்பது என் கட்சி. அண்ணாச்சிமார் என்ன சொல்கிறீர்கள்?

பாளை லேத்:
தம்பி, பைக் வளைவில் சாயும், சைடுகார் சாயாது. பக்கவாட்டு விசை முழுவதும் முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கிலும் கம்பிச் சக்கரத்திலும் இறங்கும். உன் பைக்கின் ஃபோர்க் அதற்குச் செய்தது இல்லை, ஸ்போக்ஸும் தளர்ந்துவிடும். உருண்டை டயர் நடுவில் ஒரு கோடு அளவுதான் தரையைத் தொடும். 3.50-10 அளவு ஸ்கூட்டர் சக்கரத்தின் தகட்டு ரிம் அல்லது கார்ட் (சின்னப் பந்தயக் கார்) டயர், அப்படித்தான் போக வேண்டும்.

இதெல்லாம் பட்டறையில் தீரும். தீராதது தங்கச்சியின் வேலை. இடது வளைவில் சைடுகார் சக்கரம் எழும்பப் பார்க்கும், அவள் வெளியே தொங்கி அமுக்க வேண்டும். வலது வளைவில் எடை முன் இடது மூலைக்கு ஓடி, பின் சக்கரம் லேசாகும். அவள் உன் முதுகுக்குப் பின்னால் ஏறி அதன்மேல் படுக்க வேண்டும். அதுவும் வளைவு வருவதற்கு முன்பே. நேரோட்டத்தில்கூட ஆக்ஸிலேட்டர் திருகினால் வண்டி இடப்பக்கம் இழுக்கும், பிரேக் பிடித்தால் வலப்பக்கம் போகும். ஓட ஓடக் கற்றால் முதலில் அடிபடுவது நீ இல்லை.

குளம் வேண்டாம். கரம்பை வெடித்துக் கிடக்கும், சின்னச் சக்கரம் அதில் இறங்கினால் வண்டி அங்கேயே குத்திக்கொள்ளும்.

பேட்டை மெக்கானிக்:
சக்கர விஷயம் சரி, மாற்றுகிறேன். ஆனால் வண்டி இல்லாமல் அவள் எதில் பழகுவாள், திண்ணையிலா? குளம் இல்லை என்றால் விடியற்காலை நாற்கரச் சாலை காலியாகத்தானே இருக்கிறது?

வள்ளியூர் தகப்பன்:
அந்தச் சாலையில் நான் தினமும் பிள்ளையை ஸ்கூலுக்குக் கூட்டிப் போகிறேன். பொது இடத்தில் அனுமதி இல்லாமல் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவில் வழக்கு வரும். சாலையை விட்டாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை தம்பி. ஆசை உன்னுடையது, உயிரைப் பணயம் வைப்பது பெண்பிள்ளையா?

பேட்டை மெக்கானிக்:
சாலையைப் பற்றிச் சொன்னதை விட்டுவிடுகிறேன், தப்புதான். ஆனால் பெண்பிள்ளை என்பதை ஏற்க மாட்டேன். 1954-லேயே இங்கே ஸ்டோல் என்ற பெண் பிரிட்டன் பக்கத்து மான் தீவில் நடக்கும் டிடி மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் சைடுகாரில் துணையாளாகப் போயிருக்கிறார், ஐயா.

வள்ளியூர் தகப்பன்:
அதே இங்கே ஸ்டோலும் ஓட்டுநர் ஜாக் திரியோனும் 1958-ல் செக்கோஸ்லோவாகியாவின் பிர்னோ பந்தயத்தில் இறந்தார்கள். அதையும் தங்கச்சியிடம் சொன்னாயா?

பேட்டை தங்கச்சி:
அண்ணன் சொல்லவில்லை, நானே படித்தேன். ஆசை எனக்கும்தான் ஐயா, அண்ணனுக்கு மட்டும் இல்லை. 1949-ல் சைடுகாரில் முதல் உலகப் பட்டத்தை எரிக் ஆலிவர் வாங்கியபோது அவர் பக்கத்தில் டெனிஸ் ஜென்கின்சன் இருந்தார். இரண்டு பேரும் சேர்ந்துதான் சாம்பியன். நான் மூட்டை இல்லை. அதனால் லேத் அண்ணாச்சி சொல்வதுதான் எனக்கும் சரி. வளைவில் நான் எப்போது நகர வேண்டும் என்பது தெரியாமல் அண்ணன் வேகம் எடுக்கக் கூடாது. வெல்டிங் அப்புறம்.

பாளை லேத்:
அப்படிச் சொல்லும்மா. பட்டறையில் சைடுகார் பூட்டிய பழைய சேத்தக் ஸ்கூட்டர் ஒன்று நிற்கிறது, அதுவும் இடப்பக்கம்தான். தொட்டியைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்து, இரண்டு கைப்பிடி வெல்டு வைத்துத் தருகிறேன். மூடிக் கிடக்கும் ரைஸ்மில் களம் ஒன்று இருக்கிறது, நல்ல சிமெண்ட் தரை. உரிமையாளரிடம் நான் பேசுகிறேன். ஹெல்மெட், கையுறை, முழங்கால் கவசம் இல்லாமல் வரக் கூடாது. இரண்டாவது கியரைத் தாண்டக் கூடாது. களத்தில் எட்டுப் போட்டு, சக்கரம் எழும்பாமல் வர எத்தனை வாரம் ஆகிறதோ ஆகட்டும். பிறகு ஒரு கார்ட் டிராக்கில் ஓட்டிப் பார்க்கட்டும், டிராக் ஒழுங்கு அங்கேதான் படியும்.

பேட்டை மெக்கானிக்:
சம்மதம் அண்ணாச்சி. ஆனால் சேத்தக்கில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவது வேறு, மண்டியிட்டு ஓட்டுவது வேறு. சட்டத்தை நான் இப்போதே அடிக்க ஆரம்பிக்கிறேன், அதை மட்டும் தடுக்காதீர்கள்.

பாளை லேத்:
அடி. ஆனால் மூன்றாவது சக்கரத்தைப் பூட்டும் முன் கூப்பிடு. நீளமான இரண்டு இரும்பு ஆங்கிள் வைத்துச் சக்கரங்களின் அலைன்மென்ட் பார்க்காமல் விடமாட்டேன்.

வள்ளியூர் தகப்பன்:
எனக்கு இன்னும் ஒப்பவில்லை. களம் எங்கே என்று சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன்.