கவின் கலைக் கல்லூரியில் டிசைன் படித்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். அக்கா மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டு, கிராஃபிக் டிசைன்தான் என்று பிடிவாதமாக நிற்கிறாள். 1850-இல் தொடங்கிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் பி.எஃப்.ஏ. (இளங்கலை கவின்கலைப் பட்டம்) விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் சேர ஆசை. அவள் அப்பாவோ, "ஆறு மாசம் ஃபோட்டோஷாப் கத்துக்கிட்டா போதாதா, எதுக்கு நாலு வருஷம்?" என்கிறார்.

சாஃப்ட்வேர் அவளுக்கு ஓரளவு கைவந்துவிட்டது. எங்கள் ஊர்க் கோயில் கொடை நோட்டீஸ்கூட அவள் போட்டதுதான். திரையில் பளீரென்றிருந்த பச்சை அச்சில் மங்கிவிட்டது. ப்ளீட், அதாவது வெட்டும் கோட்டைத் தாண்டியும் வண்ணத்தை நீட்டி விடுவது, விடாததால் ஓரத்தில் வெள்ளைக் கோடு வேறு. அச்சகத்து அண்ணன்தான் ஆர்ஜிபி (திரையின் சிவப்பு, பச்சை, நீல ஒளி வண்ணங்கள்), சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு மை வண்ணங்கள்) வித்தியாசத்தைப் புரியவைத்தார். இதெல்லாம் கல்லூரியில் சொல்லித் தருகிறார்களா, வேலைக்குப் போய்த்தான் கற்க வேண்டுமா?

தமிழ் எழுத்துருப் பயிற்சி உண்டா என்பதுதான் எனக்கு முக்கியம். ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளியையே தமிழுக்கும் வைத்தால், மேல் வரி 'ழு'வின் வால் கீழ் வரி 'கி'யின் மேல் வளைவில் போய் இடிக்கிறது. பெரிய விளம்பரப் பலகைகளிலேயே பார்க்கிறோம்!

முதல் வேலைக்குப் போனபோது உங்களிடம் டிகிரியைப் பார்த்தார்களா, போர்ட்ஃபோலியோவையா (செய்த வேலைகளின் தொகுப்பு)? நுழைவுத் தேர்வுக்கு எப்படி வரைந்து பழகினீர்கள்? கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவர்களும் எழுதலாம். கமெண்டிலேயே போடுங்கள், அப்படியே அத்தானிடம் காட்டிவிடுகிறேன்.