பார்டர் அலை அலையாக நிற்கிறது. போர்வையை லாங் ஆர்ம் மெஷினுக்கு எப்படி அனுப்புவது?

பாலக்கோடு (கேள்வி):
வணக்கம். பாலக்கோட்டில் பதினோரு வருடமாக ரவிக்கை தைக்கிறேன். வெட்டி மிஞ்சிய டூ பை டூ, பாப்ளின் துண்டுகளைச் சேர்த்து ஒட்டுத்துணிப் போர்வைக்கு மேல்துணி தைத்து முடித்திருக்கிறேன். 6 அங்குலச் சதுரம், குறுக்கே 9, நெடுக்கே 12, ஆக 108. சுற்றிலும் 3 அங்குலத்துக்கு நீலப் பார்டர். மகளைத் தளிப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறேன், மார்கழிக் குளிருக்கு அவளுக்காக.

பஞ்சு வைத்துத் தைக்க என் மெஷினில் முடியவில்லை. பெங்களூரில் லாங் ஆர்ம் மெஷின் (போர்வையைச் சட்டத்தில் விரித்துக் கட்டித் தைக்கும் பெரிய மெஷின்) வைத்திருக்கும் ஒருவருக்குப் போட்டோ அனுப்பினேன். "பார்டர் அலையா நிக்குது, அடித்துணியும் பத்தாது, சரி பண்ணி அனுப்புங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். தரையில் விரித்தால் நடு நன்றாகப் படிகிறது. ஓரம் மட்டும் ஃப்ரில் வைத்த மாதிரி எழும்புகிறது. இஸ்திரி போட்டும் போகவில்லை. மூன்று துணியையும் அடுக்கி, நகராமல் இருக்கத் தற்காலிகமாக ஓட்டுத் தையல் வேறு போட்டுவிட்டேன். அடித்துணி, பஞ்சு, மேல்துணி எல்லாமே 60-க்கு 78. யாராவது வழி சொல்லுங்கள்.

ஓசூர்:
அக்கா, முதலில் அந்த ஓட்டுத் தையலைப் பிரித்துவிடுங்கள். லாங் ஆர்மில் மூன்றையும் தனித்தனியாகத்தான் ஏற்றுவார்கள். அடித்துணியின் இரண்டு முனையையும் உருளைகளில் மாட்டி விறைப்பாக இழுத்துக்கொண்டு, பஞ்சை அதன்மேல் பரப்பி, மேல்துணியைக் கடைசியில் வைப்பார்கள். நம் மெஷினில் துணி நகரும். அங்கே துணி சட்டத்தில் நிற்கும், தைக்கும் தலை தண்டவாளத்தில் ஓடும். அடித்துணியைப் பக்கவாட்டில் கிளிப் போட்டு இழுக்க இடம் வேண்டும். அதனால் அடித்துணியும் பஞ்சும் ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் கூடுதல். உங்களுக்கு 68-க்கு 86.

பார்டருக்கு ஒன்று சொல்லுங்கள்: போர்வையின் நடுவில் அளந்தால் எவ்வளவு, விளிம்பில் அளந்தால் எவ்வளவு?

பாலக்கோடு:
நடுவில் குறுக்கே 60. கீழ் விளிம்பில் 62½! நெடுக்கிலும் அப்படித்தான், நடுவில் 78, விளிம்பில் 80½. பட்டையை நீளமாக வெட்டி, ஒரு முனையிலிருந்து தைத்துக்கொண்டே போய், மிச்சத்தை நறுக்கினேன்.

ஓசூர்:
அதுதான் காரணம் அக்கா. மெஷினின் அடிப்பல் (ஊசிக்கு அடியில் துணியை நகர்த்தும் பல்) கீழ்த்துணியை வேகமாக இழுக்கும். மேலே இருக்கும் துணியை நாமும் கையால் லேசாக இழுத்துக்கொடுப்போம். கடைசியில் பார்டர் உடம்பைவிட (பார்டர் இல்லாத நடுப்பகுதி) நீளமாகிவிடும். அந்த இரண்டரை அங்குலம் எங்கும் போகாது, லாங் ஆர்மில் மடிப்பாக விழுந்து அதன் மேலேயே தையல் ஓடிவிடும். பிறகு பிரிக்கவும் மனசு வராது.

பார்டரை மட்டும் பிரியுங்கள். உடம்பின் நீளத்தை நடுவில் ஒன்று, இரு பக்கம் ஒவ்வொன்று என மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். 72 வந்தால் பட்டையைச் சரியாக 72-க்கு வெட்டுங்கள், அதற்குமேல் ஒரு நூல்கூட வேண்டாம். நடுவில் ஒரு குண்டூசி, இரு முனையில் குண்டூசி, அப்புறம் இடையிடையே. எந்தத் துணியின் விளிம்பு நீளமாக இருக்கிறதோ அது அடியில் வரட்டும், பல்லே அடக்கிக்கொள்ளும். பக்கவாட்டு முடிந்து இஸ்திரி போட்ட பிறகே மேல், கீழ்ப் பார்டருக்கு அளக்க வேண்டும்.

காரிமங்கலம்:
அடித்துணிக்கு ஒரு காட்டன் புடவை போதும். ஐந்தரை மீட்டர் கிட்டத்தட்ட 216 அங்குலம். பாதியாக வெட்டினால் 108 நீளத்தில் இரண்டு. கரையை இரு பக்கமும் வெட்டி எடுத்துவிடுங்கள். கரை நெருக்கமான நெசவு, துவைத்தால் வேறு மாதிரி சுருங்கும். ஜரிகை இருந்தால் ஊசிக்கும் ஆபத்து. எனக்குக் கரை போக 40 அங்குலம் நின்றது. அரை அங்குலத் தையலில் இரண்டையும் இணைத்து, தையலை இரு பக்கமும் விரித்து இஸ்திரி போட்டால் 79 வந்தது. உங்கள் 68-க்குத் தாராளம்.

சிவப்பு, மெரூன் துண்டுகளைச் சோதித்தீர்களா? வெள்ளைத் துணியை நனைத்து அதன்மேல் வைத்து இஸ்திரியால் அழுத்துங்கள். சாயம் ஒட்டினால் அந்தச் சதுரத்தை இப்போதே மாற்றிவிடுங்கள். முழு மேல்துணியைத் துவைக்க வேண்டாம், தையல் விளிம்பெல்லாம் பிசிறு விடும். பின்பக்கம் தொங்கும் கருப்பு நூல்களையும் கத்தரியுங்கள். வெளிர்ச் சதுரத்தின் அடியில் ஒரு கருப்பு நூல் மாட்டினாலும் கோடு போட்டதுபோல் தெரியும்.

கிருஷ்ணகிரி:
எங்கள் ஊரில் மாம்பழ அட்டைப்பெட்டி சுலபமாகக் கிடைக்கும், அதில் மட்டும் அனுப்பாதீர்கள். காற்றுத் துளை இருக்கும், பழ வாடைக்கு எறும்பு வரும். துணிகளைத் தனித்தனியாக மடித்துப் பெரிய பாலித்தீன் பையில் போட்டு வாயை டேப்பால் ஒட்டி, பிறகு பெட்டியில் வையுங்கள். பெயரும் போன் எண்ணும் எழுதிய தாள் உள்ளேயும் ஒன்று இருக்கட்டும். குண்டூசி ஒன்றுகூட விடாதீர்கள். மேல்துணியின் தலைப்பக்கத்தில் "இது மேல்" என்று சீட்டு எழுதி, ஊக்கில் குத்துங்கள். மூடுவதற்கு முன் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

தபால் நிலையத்தில் ரிஜிஸ்டர் போஸ்ட் கேட்க வேண்டாம், 2025-இல் அதை ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள்.

பாலக்கோடு:
எல்லோருக்கும் நன்றி. பார்டரைப் பிரிக்க இரண்டு ராத்திரி ஆனது. மெரூனில் நனைத்த கைக்குட்டையை வைத்து அழுத்தி எடுத்தபோது, ரோஜா நிறத்தில் சதுரமாகத் தடம். மூன்று துண்டு அப்படி. அந்த மூன்றையும் மாற்றிவிட்டேன். நேற்று விரித்தேன்: நடுவில் 60, மேலே 60, கீழே 60. தரையோடு ஒட்டிக் கிடந்தது. அடித்துணிக்கு என் பழைய நீலப் புடவை. இன்று காலை ஸ்பீடு போஸ்டில் போட்டாயிற்று, பெட்டியோடு 1 கிலோ 900 கிராம். பெங்களூர்க்காரருக்கு ரசீது எண்ணை அனுப்பியிருக்கிறேன்.

ஓசூர்:
திரும்பி வரும்போது சுற்றிலும் உபரித் துணியோடுதான் வரும் அக்கா. விளிம்பு மடித்துத் தைக்க நீலத்தில் இரண்டரை அங்குலப் பட்டைகள் இப்போதே வெட்டி வைத்துவிடுங்கள், மொத்தம் 290 அங்குலமாவது வேண்டியிருக்கும்.