ஏஐ சொன்ன பிரியாணி அளவில் அரிசி குழையுது

கேள்வி: ஆம்பூர் பிரியாணிக்கு சாட்ஜிபிடி தண்ணீர் 1:2 என்கிறது. சீரக சம்பா குழைந்துவிடுகிறது. எப்படிக் கேட்கணும்?

பதில்: "கப்" என்றால் பெரும்பாலும் 240 மி.லி. கணக்குதான் வரும், நம்ம ஆழாக்கு 168 மி.லி. அரிசியை ஒன்றிலும் தண்ணீரை மற்றதிலும் அளந்தா விகிதம் மாறிடும். அதனால கிராமில் கேளுங்க: "சீரக சம்பா அரை கிலோ, 20 நிமிடம் ஊறியது, தயிர் 100, தக்காளி 200, குக்கர்." தண்ணீரை மட்டும் அரிசி அளந்த ஆழாக்கிலேயே ஒன்றரைப் பங்குக்குள்ள வைங்க. தக்காளியும் தயிரும் நீர் விடும், அதை ஏஐ பல நேரம் கழிக்காது.

பதில்: கரம் மசாலா, மிளகாய்த்தூள் போடச் சொன்னா விட்டுடுங்க. ஆம்பூருக்குக் காய்ந்த மிளகாயை ஊறவெச்சு அரைச்ச விழுதுதான்.

பதில்: ஏஐ-யிடம் வாரச் சமையல் பட்டியல் கேட்கும்போது வீட்டில் இருக்கிறதைச் சொல்லுங்க. இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் கால் கிலோன்னு எழுதினா தொட்டுக்க கத்திரிக்காய் கொத்சு வரும். புளி அளவைப் பாருங்க; சிலசமயம் அது கடையில் வாங்கும் புளி பேஸ்ட்டுக்கான கணக்கா இருக்கும்.