உள்ளிணைவா, உள்ளிணைப்பா?

கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி வைரசின் டி.என்.ஏ. மனித மரபணுத்தொகைக்குள் (genome) போய்ச் சேர்வதை, ஆங்கிலத்தில் ‘integration’ எனப்படுவதை, குறிக்க இங்கே முன்வைக்கப்பட்ட ‘ஒருங்கிணைப்பு’, ‘உட்செருகல்’ ஆகிய இரண்டுமே எனக்கு நிறைவளிக்கவில்லை. ‘ஒருங்கு’ என்னும் அடை ஒழுங்கையும் இசைவையும் உணர்த்துகிறது. இங்கு நடப்பதோ தாறுமாறான சேர்க்கை. ‘செருகல்’ என்றால் செருகியவர் ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் இங்கே இல்லை.

எச்.ஐ.வி. தன் டி.என்.ஏ.வைக் குரோமோசோமில் சேர்ப்பதற்கென்றே ஒரு நொதியைக் கையோடு கொண்டுவருகிறது. ஹெப்படைட்டிஸ் பி வைரசிடம் அத்தகைய நொதி கிடையாது. பெருகுவதற்கு அதற்கு இந்தச் சேர்க்கை தேவையுமில்லை. சுமார் 3,200 கார இணைகள் (base pairs) கொண்ட அதன் மரபணுத்தொகை பெரும்பாலும் வட்டமாகவே உருவாகிறது என்றாலும், டி.என்.ஏ.வின் இரண்டாம் இழை உருவாவதைத் தொடங்கிவைக்கும் சிறு ஆர்.என்.ஏ. துண்டு இடம் மாறத் தவறும்போது நேர்கோட்டு டி.என்.ஏ.வாக முடிந்துவிடுகிறது. கல்லீரல் உயிரணுவின் குரோமோசோமில் ஈரிழையும் அறுந்த இடம் இருந்தால், அதைப் பழுதுபார்க்கும் உயிரணுவின் சொந்த நொதிகளே இந்த நேர்கோட்டு டி.என்.ஏ.வையும் சேர்த்து ஒட்டிவிடுகின்றன.

ஒட்டும் இடம் பெரும்பாலும் தற்செயலானது. ஆனாலும் கல்லீரல் புற்றுக்கட்டிகளில் டெலோமரேசு என்னும் நொதிக்கான டெர்ட் (TERT) மரபணுவை இயக்கிவைக்கும் தூண்டற்பகுதியை (promoter) ஒட்டி இது திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. அங்கே சேர்ந்தால் குரோமோசோம் முனைகள் தேயாமல் காக்கும், அதுவரை அடங்கிக் கிடந்த அந்த நொதி மீண்டும் உருவாகி, உயிரணு ஓயாமல் பிரியும் ஆற்றலைப் பெறுகிறது. அந்த உயிரணுவின் வழித்தோன்றல்கள் பெருகியதால்தான் அவ்விடம் நம் கண்ணில் படுகிறதே தவிர, வைரசு குறிபார்த்துச் சென்றதால் அன்று.

ஆகவே தன்வினையில் அமைந்த ‘உள்ளிணைவு’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். எச்.ஐ.வி. செய்வதை ‘உள்ளிணைப்பு’ என்றும், அதன் நொதியை ‘உள்ளிணைப்பு நொதி’ என்றும் வழங்கலாம். ஆங்கிலம் ஒரே சொல்லால் சொல்லும் இரண்டையும் தமிழ் வினைவடிவாலேயே பிரித்துக் காட்டும்போது அந்த வசதியை ஏன் விட வேண்டும்? இவ்வளவு நுண்ணிய வேறுபாடு வாசகருக்கு எட்டாது என்போர், விலைக்குறைவையும் விலைக்குறைப்பையும் கடைத்தெருவில் யாரும் குழப்பிக்கொள்வதில்லை என்பதை எண்ணிப் பார்க்கலாம். ‘உட்பிணைவு’ என்றும் யோசித்தேன். ‘பிணைப்பு’ ஏற்கெனவே வேதியியலில் வேரூன்றிவிட்டதால் விட்டுவிட்டேன்.

“உள்ளிணைவுற்ற டி.என்.ஏ.விலிருந்து புதிய வைரசு உருவாவதில்லை, மேற்பரப்பு ஆன்டிஜென் மட்டும் தொடர்ந்து சுரக்கக்கூடும்” என்று பாடநூல் வாக்கியம் ஒன்றை எழுதிப் பார்த்தேன் (மேற்பரப்பு ஆன்டிஜென் என்பது வைரசின் வெளியுறைப் புரதம்). எனக்கு இடறவில்லை, உங்களுக்கு இடறினால் எந்த இடத்தில் என்று தெரிவியுங்கள்.