வெசூவியஸ் 1631: நேப்பிள்ஸின் ஸ்பானிய மொழி அச்சுத்தொழிலை மாற்றியது எரிமலையா, அரசா?

அச்சுப்பித்தன்:
1631 டிசம்பர் 16 அன்று இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்கு அருகே உள்ள வெசூவியஸ் எரிமலை வெடித்தது. பல நூற்றாண்டுகள் அடங்கிக் கிடந்த மலை அது. சரிவெங்கும் மரங்களும் மேய்ச்சலும் இருந்தன. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், சாம்பல் கான்ஸ்டான்டிநோப்பிள் வரை போய் விழுந்தது. நேப்பிள்ஸ் அப்போது ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்பின் ஆட்சியில் இருந்தது. மறு ஆண்டே சிமோன் தே அயாலா ஸ்பானிய மொழியில் எழுதிய வெடிப்பு வரலாற்றை அந்நகரின் பெல்ட்ரானோ அச்சகம் வெளியிட்டது. ஸ்பெயினுக்கு வெளியே நடந்த ஸ்பானிய மொழிப் பதிப்புத்தொழிலுக்கு இந்த மலை ஒரு புதிய வேலையைக் கொடுத்தது என்பது என் உறுதியான கருத்து.

பழஞ்சுவடி:
ஏற்க மாட்டேன். ஸ்பானிய நாடகாசிரியர் தோரெஸ் நகார்ரோவின் நாடகத் தொகுப்பு 'ப்ரோபல்லாடியா' 1517இலேயே நேப்பிள்ஸில் ஸ்பானிய மொழியில் அச்சானது. வெனிஸில் பதிப்பாளர் ஜொலிட்டோ 1553இல் புகழ்பெற்ற ஸ்பானிய இலக்கியமான 'செலஸ்டினா'வை ஸ்பானிய மொழியிலேயே வெளியிட்டார். செர்வாண்டஸின் நாவல் 'டான் கிஹோட்டே' 1607இல் பிரஸ்ஸல்ஸிலும் 1610இல் மிலானிலும் வந்துவிட்டது. மலை வாய் திறப்பதற்கு நூறு ஆண்டுகள் முன்பே சந்தை இருந்திருக்கிறது. வெடிப்பைப் பற்றி எழுதப்பட்டவற்றிலும் பெரும்பங்கு இத்தாலியமும் லத்தீனும்தான். பிராச்சினியும் ஜூலியானியும் 1632இல் கொண்டுவந்த நூல்கள் இத்தாலிய மொழியில் உள்ளவை.

அச்சுப்பித்தன்:
நீங்கள் சொல்லும் மூன்றும் எந்த ஊரிலும் அச்சாகக்கூடியவை, ஐயா. செலஸ்டினாவுக்கு வெனிஸ் தேவையில்லை, கிஹோட்டேவுக்கு பிரஸ்ஸல்ஸ் தேவையில்லை. இலக்கியம் படைவீரனோடும் வணிகனோடும் பயணம் செய்து, போன இடத்தில் அச்சேறியது. வெடிப்பின் கதையோ நேப்பிள்ஸிலிருந்துதான் கிளம்ப வேண்டும். ஸ்பானிய இலக்கியத்தை வாங்கி அச்சிட்டுவந்த ஊர், தான் கண்டதை ஸ்பானியருக்குச் சொல்லும் ஊராக ஆனது. எண்ணிக்கை சிறியதாக இருக்கலாம். திசை மாறியதே, அதை எப்படி ஒதுக்குவீர்கள்?

தென்திசை:
இருவரும் வைஸ்ராயை, அதாவது ஸ்பெயின் மன்னரின் சார்பில் நேப்பிள்ஸை ஆண்டவரை, மறந்துவிட்டீர்கள். மொன்டெரே கோமகன் பொறுப்பேற்ற அதே ஆண்டில் இந்தப் பேரிடர் வந்தது. நகரின் பேராயர் கர்தினால் பொன்கொம்பாஞ்ஞி தலைமையில், நகரின் காவல் புனிதரான ஜெனாரோவின் திருப்பண்டங்கள் ஊர்வலமாகப் போயின. நேப்பிள்ஸ் மக்களுக்கு அது இறைவனின் கோபம், தங்கள் புனிதரின் காவல். அதை இத்தாலிய மொழியில் படித்தார்கள். மத்ரித் அரசவைக்கோ, புதிய வைஸ்ராய் எப்படிச் சமாளித்தார் என்ற செய்தி வேண்டும். அதற்கு ஸ்பானிய மொழி. வருங்காலத்துக்கு எச்சரிக்கை விடும்போது அதே அரசு லத்தீனைத் தேர்ந்தது: மலையடிவார ஊரான போர்த்திச்சியில் நட்ட கல்வெட்டு, உடைமையை எண்ணாமல் ஓடித் தப்புங்கள் என்று சந்ததியினரைக் கூவி அழைக்கிறது. அந்தக் கல்லை வாசிக்கும்போதெல்லாம் மனம் கலங்குகிறது. கேட்பவர் யார் என்பதே மொழியைத் தீர்மானித்தது.

பழஞ்சுவடி:
தென்திசை சொல்வது என் பக்க வாதம்தான். அப்படியானால் காரணம் பேரரசு. எரிமலை வெறும் சந்தர்ப்பம். முற்றுகை, போர், அரசர் வருகை என எதுவானாலும் சில தாள்களில் செய்தி அச்சிட்டு விற்கும் வழக்கம் ஸ்பானிய உலகில் முன்பே வேரூன்றியிருந்தது. அயாலாவை அச்சிட்ட அதே பெல்ட்ரானோ 1640இல் நேப்பிள்ஸ் அரசைப் பற்றிய விவரண நூலை இத்தாலிய மொழியில்தான் கொண்டுவந்தார். நகரத்தின் மொழி அசையவில்லை.

அச்சுப்பித்தன்:
நகரத்தின் மொழி மாறியது என்று நான் சொல்லவேயில்லை. 1632இல் மத்ரித்தில் ஹுவான் தே கிஞோனெஸ் வெசூவியஸ் பற்றி ஸ்பானிய மொழியில் ஒரு நூலை வெளியிட்டு மன்னருக்குக் காணிக்கையாக்கினார். மத்ரித்தின் மேல் சாம்பல் விழவில்லை. நேப்பிள்ஸிலிருந்து வந்த செய்தி இல்லாமல் அவரால் வெடிப்பைப் பற்றி ஒரு பக்கம்கூட எழுதியிருக்க முடியாது. வெளியூர் அச்சு மூல ஊருக்கே பொருள் அனுப்புகிறது. பேரரசு பாதையைப் போட்டிருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பாதையில் எதிர்த்திசையில் செய்தியைத் தள்ளியது மலை.

பழஞ்சுவடி:
கையெழுத்துக் கடிதங்களும் அதே திசையில்தான் போயின. கிஞோனெஸ் கையில் இருந்தது அச்சுத்தாளா, அதிகாரிகளின் கடிதமா என்பதைக் காட்டுங்கள். அச்சுத்தாள் என்றால் உங்கள் வாதத்தை மறுபடி எடுத்துப் பேசுவேன்.