தம்பி படுக்கும் அறையில் கேமரா: கையெழுத்துப் போடலாமா?

என் தம்பிக்கு 34 வயது. அறிவுசார் குறைபாடு, கூடவே வலிப்பு. வேறு 4 பேரோடு ஒரு குழு இல்லத்தில் இருக்கிறான். அவனுக்குக் காப்பாளர் நான்தான். போன மாதம் ராத்திரி வலிப்பு வந்து கட்டிலிலிருந்து விழுந்து புருவம் கிழிந்துவிட்டது. விடிகிற வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. இப்போது எல்லாப் படுக்கையறையிலும் கேமரா வைக்கப் போவதாகச் சொல்லி, ஒப்புதல் படிவத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

படிவம் வருவதற்கு முன்பே தம்பி அறையில் ஒன்றை மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் போனேன். சட்டை மாற்ற அவன் அலமாரிக் கதவைத் திறந்து, அதற்குப் பின்னால் குனிந்து நின்றான். இதுவரை அப்படிச் செய்ததே இல்லை. “கண்ணு பார்க்குது அக்கா” என்றான். விளக்கை அணைத்ததும் கேமராவைச் சுற்றி வட்டமாகச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. அதற்குப் பயந்து போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு தூங்குகிறானாம். வலிப்பு வருகிற பிள்ளை மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு தூங்கினால் எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

அதே அறையில் இன்னொருவரும் இருக்கிறார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுத்தால் தம்பியின் உயிரோடு விளையாடுகிறேனோ என்றும் பயமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 (இரவுப் பணியாளர்)

சகோதரி, 11 வருடமாக இப்படிப்பட்ட இல்லங்களில் ராத்திரி வேலை பார்க்கிறேன். கேமரா விழுவதைத் தடுக்காது. யாராவது திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் அதனால் பயன். ஒருவருக்குத் துணி மாற்றிக்கொண்டிருக்கும்போது நான் எப்படித் திரையைப் பார்ப்பேன்? நான் முன்பு இருந்த இடத்தில் கேமரா வந்த கையோடு ராத்திரிக்கு இரண்டு பேராக இருந்ததை ஒருவராக்கிவிட்டார்கள். திரை இருந்தது அலுவலக அறையில், வாசலைப் பார்த்தபடி. பொருள் கொண்டுவந்து இறக்குகிறவர்கூட நின்று பார்த்துவிட்டுப் போவார்.

தம்பிக்குத் தேவை மெத்தைக்கு அடியில் வைக்கும் வலிப்பு சென்சார். உடம்பு விடாமல் ஒரே சீராக வெட்டி இழுத்தால் பணியாளர் கையில் இருக்கும் கருவி அலறும். படமும் இல்லை, ஒலிப்பதிவும் இல்லை. முதலில் புரண்டு படுத்தாலே அலறும், அளவைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்ய வேண்டும். உடம்பு வெட்டாத வகை வலிப்பை அது பிடிக்காது, அதனால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். கட்டிலையும் தாழ்வானதாகக் கேளுங்கள்.

சிவப்புப் புள்ளி, இருட்டிலும் படம் தெரிவதற்காகக் கேமராவில் இருக்கும் 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு. கண்ணுக்குத் தெரியாத 940 வகையாக மாற்றித் தருகிறோம் என்பார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள். பார்ப்பது நிற்காது, பார்க்கிறார்கள் என்று தம்பிக்குத் தெரிவது மட்டும் நின்றுவிடும்.

பதில் 2 (ஒரு தாய்)

கேமராவே வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் மகளுக்குப் பேச்சு வராது. ஒருநாள் மேல்கையில் நாலு விரல் பதிந்த கன்றல். கேட்டால் “இடித்துக்கொண்டாள்” என்றார்கள். கூடத்துக் கேமராப் பதிவு இல்லையென்றால் இன்றுவரை அதையே நம்பியிருப்பேன். ஆனால் அந்தப் பதிவை வாங்க நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் அதன்மேல் புதுப்பதிவு ஏறி அழிந்திருக்கும். எத்தனை நாள் வைத்திருப்பார்கள், யார் யார் பார்க்கலாம், யாருடைய கைபேசியிலெல்லாம் தெரிகிறது, குரலும் பதிவாகிறதா, கேட்டால் நமக்குக் கொடுப்பார்களா என்று எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். கூடம், நடை, வாசல் சரி. படுக்கையறையும் குளியலறையும் வேண்டாம்.

பதில் 3 (குழு இல்லத்தில் வசிப்பவர்)

எனக்குப் பெருமூளை வாதம். ஒரு விரலால் தட்டுகிறேன், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். என்னைக் குளிப்பாட்டுவதும் துடைப்பதும் வேறொருவர்தான். இவனுக்கு இனி என்ன மறைவு வேண்டியிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் குளிப்பாட்டுகிற அண்ணன் தினமும் கதவைத் தட்டி, “வரட்டுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் வருவார். நான் வேண்டாம் என்று தலையசைத்தால் பத்து நிமிடம் கழித்து வருவார். என் நாளில் நான் முடிவு செய்கிற சில விஷயங்களில் அது ஒன்று.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-இல் வந்தது. எங்கே வசித்தாலும், எந்த ஏற்பாட்டில் வசித்தாலும் எங்கள் அந்தரங்கத்தில் காரணமில்லாமல் தலையிடக் கூடாது என்கிறது அதன் 22-ஆம் பிரிவு. வன்முறையிலிருந்து எங்களைக் காக்க, இல்லங்களைச் சுதந்திரமான அமைப்புகள் கண்காணிக்க வேண்டும் என்கிறது 16-ஆம் பிரிவு. அங்கே கண்காணிக்கச் சொல்வது இல்லத்தை, எங்கள் படுக்கையை அல்ல.

அக்கா, படிவத்தைத் தம்பியிடம் காட்டினீர்களா?

கேள்வி கேட்டவர்

காட்டவில்லை தம்பி. நீங்கள் கேட்ட பிறகுதான் அது எனக்கு உறைத்தது. நேற்று நானே இரண்டு படம் வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். ஒன்றில் சுவரில் கேமரா, இன்னொன்றில் மெத்தைக்கு அடியில் தட்டையாக ஒரு பெட்டி. எதற்கு என்று மெதுவாக மூன்று தரம் சொன்னேன். கேமராப் படத்தைக் கவிழ்த்து வைத்தான். பெட்டிப் படத்தைக் கையில் எடுத்து, “இது சத்தம் போடுமா?” என்றான். போடும், உனக்கு முடியாமல் போனால் அண்ணன் ஓடி வருவார் என்றேன். அந்தப் படத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான். அறையில் இருக்கும் இன்னொருவரிடமும் கேட்டேன், அவருக்கும் கேமரா வேண்டாமாம்.

படிவத்தில் கையெழுத்துப் போடாமல், மாட்டியதைக் கழற்றச் சொல்லியும் சென்சார் கேட்டும் கடிதம் கொடுத்திருக்கிறேன். ராத்திரிக்கு இரண்டு பேர் இருக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை பேச வரச் சொன்னார்கள். தம்பியையும் கூட உட்கார வைத்துத்தான் பேசுவேன்.